முதுகுத்தண்டில் ஒரு குடித்தனம்

எங்கள் பக்கத்தில் மருந்து என்று சொன்னால் வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிற மருந்து யாருக்கும் முதலில் ஞாபகம் வராது. பட்டாசுக்குள் போகிற மருந்துதான் வரும். மருந்து கலக்குகிற ரூம், மருந்து செலுத்துகிற ரூம், மருந்து காய வைக்கிற மேடை என்று நாள் முழுக்க அந்த ஒரு சொல்லிலேயே புழங்குகிறவன் நான். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். வீட்டுக்குக் கொஞ்சம் கரிசல் நிலமும் உண்டு. பருத்தியும் மக்காச்சோளமும் போடுவோம், மழை வந்தால் எடுப்போம், வராவிட்டால் வானத்தைத் திட்டிக்கொண்டு வேலைக்குப் போவோம்.

அதனால்தான் இடது விலாவில் அந்த எரிச்சல் ஆரம்பித்தபோது, மருந்து பட்டுவிட்டது என்று கொஞ்சமும் யோசிக்காமல் முடிவு கட்டினேன். வேர்வை உடம்பில் மருந்துத் தூசி ஒட்டினால் அரிக்கும், சிவக்கும், சிலருக்குப் புண்ணும் ஆகும். ஆனால் இது அரிக்கவில்லை. சட்டை உரசினாலே சுரீர் என்றது. முதலில் பார்க்க ஒன்றுமே இல்லை, வலி மட்டும். பிறகு சிவந்தது. அப்புறம் சின்னச் சின்னக் கொப்புளங்கள், முதுகுத்தண்டில் தொடங்கி விலாவைச் சுற்றி நெஞ்சுக்குழிவரை வரிசையாக வந்து அங்கேயே நின்றுவிட்டன. வலது பக்கம் ஒரு பொட்டு இல்லை. யாரோ கோடு கிழித்து இதற்கு அந்தப் பக்கம் போகாதே என்று சொன்ன மாதிரி இருந்தது.

சீசன் நேரம், ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது, இதில் இது வேறா என்று எனக்குக் கோபம். மருந்து கலக்குகிறவரைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டேன். அவர் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, நீங்க இந்த வாரம் எங்க ரூம் பக்கமே வரலியே. லோடு ஏத்துற எடத்துலதான நின்னீக?"

அது உண்மைதான். உண்மை என்பதாலேயே இன்னும் கோபம் வந்தது. சட்டையைக் கழற்றிப்போட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவி ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இது மருந்துமில்ல, மண்ணுமில்ல. அக்கி. இதுக்குப் போய் ஊரையே வஞ்சுக்கிட்டு வந்திருக்கீக."

அக்கி என்றால் எங்களுக்கு ஆஸ்பத்திரி வியாதி அல்ல. மண்பானை செய்கிறவரைக் கூப்பிட்டு எழுத வேண்டும். எழுதுவது என்றுதான் சொல்வோம். அவர் வந்து காவியைத் தண்ணீரில் குழைத்து, கோழி இறகால் தொட்டுத் தொட்டு, கொப்புளங்களைச் சுற்றி வளைத்து எழுதினார். காவி பட்ட இடம் சில்லென்று இருந்தது. காய்ந்ததும் தோலை இழுத்துப் பிடித்தது. அவர் ஏதோ முணுமுணுத்தார், நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் மகள் பக்கத்திலேயே இருந்தாள். ஒரே மகள். விருதுநகரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வளைகாப்பு முடித்து பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். கை நிறைய வளையலோடு, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு எனக்கு விசிறி விட்டாள். காவி வெடித்துக் கொப்புளம் உடைந்து தண்ணீர் கசிந்த இடத்தையெல்லாம் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். பஞ்சு தீர்ந்தபோது வெறும் விரலாலும் துடைத்தாள். "அசையாதீகப்பா, சின்னப் பிள்ள கணக்கா" என்று என்னையே அதட்டினாள். எனக்கு வலியிலும் ஒரு சுகமாகத்தான் இருந்தது.

இதுவே அம்மை என்றால் கதை வேறு. வாசலில் வேப்பங்கொத்து செருகிவிடுவோம். வெளியாட்கள் படியேற மாட்டார்கள். அடுப்பில் தாளிக்கிற வாசனை வரக்கூடாது, மூன்று தரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை யாரும் தொடக்கூடாது. மாசமாக இருக்கிற பெண் அந்தத் தெருவுக்குள்ளேயே வரமாட்டாள். அக்கிக்கு அப்படி ஒரு கட்டும் கிடையாது. ஊரே வந்து என் கட்டிலில் உட்கார்ந்து விசாரித்துவிட்டுப் போனது.

எழுதியும் வலி அடங்கவில்லை. சாத்தூரில் இருக்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போகலாம் என்று மகள்தான் பிடிவாதம் பிடித்தாள். தானும் வருவேன் என்று வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அங்கே அவளை வெளியே பெஞ்சில் காற்றாட உட்கார வைத்துவிட்டு நானும் மனைவியும் உள்ளே போனோம். டாக்டரம்மாவுக்கு மதுரைப் பக்கம் சொந்த ஊர் என்று பேச்சிலேயே தெரிந்தது. காவியைப் பார்த்தார், திட்டவில்லை.

"இதுல மருந்து ஏதும் போட்டிருக்கா?"

"அதாம்மா எனக்கும் சந்தேகம். ஆனா நான் அந்த ரூம் பக்கமே போகல. கலக்குறவருகிட்டயும் கேட்டுட்டேன்."

டாக்டரம்மா விழித்தார். என் மனைவி விலாவில் இடிக்கப் போய், அது எந்த விலா என்று ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள்.

"அவுக கேக்குறது களிம்பு, மாத்திரை. உங்க வெடிமருந்த இல்ல."

அதோடு மெடிக்கல் கடையில் நானாக வாங்கி விழுங்கிய கேப்ஸ்யூலையும் எடுத்து மேசையில் வைத்துக் காட்டிக்கொடுத்தாள். டாக்டரம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"சின்ன வயசுல உங்களுக்கு அம்மை போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. பள்ளிக்கூடம் போற வயசு. உடம்பு பூரா முத்து. வேப்பிலையில படுத்துக் கெடந்தேன். அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அதுதான் இது."

"எது எது?"

"அன்னைக்கு வந்தது போகவே இல்ல. முத்து உதிர்ந்துச்சு, காய்ச்சல் விட்டுச்சு. ஆனா அந்த வைரஸ் உங்க முதுகுத்தண்டை ஒட்டி நரம்போட வேர் இருக்கு பாருங்க, அங்க போய்ப் படுத்துக்கிச்சு. இத்தனை வருஷம் படுத்தே கிடந்துச்சு. இப்ப ஒரு நரம்பைப் பிடிச்சு வெளிய வந்திருக்கு. அந்த நரம்பு போற பாதைதான் உங்க விலாவுல தெரியுற கோடு. அதான் மறு பக்கம் போகல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா வலிக்கும் என்பதால் கோபப்பட்டேன். என் உடம்புக்குள் என்னைக் கேட்காமல் ஒருத்தன் குடித்தனம் நடத்தியிருக்கிறான்! நான் பள்ளிக்கூடம் போனேன், ஓடிப் பிடித்து விளையாடினேன், கல்யாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன், அத்தனைக்கும் அவன் உள்ளே கூடவே இருந்திருக்கிறான்.

"இம்புட்டு வருசமா என்னத்தத் தின்னுச்சு அது?"

டாக்டரம்மா இதற்குத்தான் சிரித்தார். "அதுக்கு வாயும் இல்ல, வயிறும் இல்ல. திங்காது. மூச்சு விடாது. வளராது. தானா நகரவும் நகராது."

"அப்ப செத்ததா?"

"செத்ததுன்னும் சொல்ல முடியாது."

"உசிரு இருக்கா இல்லையா, ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்கம்மா."

"படிச்சவங்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரல. நான் எங்க சொல்ல?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சிவகாசில காலண்டர் அடிக்கிறதைப் பாத்திருக்கீங்கல்ல?" என்று கேட்டார்.

பார்க்காமல் இருப்பேனா? லேபிள் ஆர்டருக்கு அச்சாபீஸில் போய் நிற்பதே பாதிப் பிழைப்பு.

"மிஷின்ல மாட்டுற பிளேட்டைக் கழட்டி மேசை மேல வச்சா என்ன செய்யும்?"

"சும்மா கெடக்கும்."

"எத்தனை வருஷம் கிடக்கும்?"

"அது கெடக்கும், யாரு கேக்கப் போறா?"

"மாட்டினா?"

"மை இருக்கிற மட்டும், பேப்பர் இருக்கிற மட்டும் அடிச்சுத் தள்ளும்."

"வைரஸ் வெறும் பிளேட்டுதான். எப்படி இன்னொரு வைரஸ் செய்யணும்னு எழுதின எழுத்து, அதுக்கு மேல ஒரு உறை. அவ்வளவுதான் மொத்தச் சரக்கும். மிஷின் கிடையாது, மை கிடையாது, பேப்பர் கிடையாது. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு அச்சாபீஸ். அதுக்குள்ள நுழைஞ்சு, நம்ம மிஷின்ல, நம்ம மையில, நம்ம பேப்பர்ல தன்னையே அடிச்சுக்கும். வேலை செய்யிறது பூரா நீங்கதான்."

நான் போட்ட சோறு, நான் பட்ட பாடு, அதில் அது தன்னை அச்சடித்துக்கொள்கிறது. ஓரத்தில் கிடந்த கேப்ஸ்யூலைக் காட்டி, இதனால் ஏன் ஆகாது என்று கேட்டேன். அது பாக்டீரியாவுக்கு உள்ள மாத்திரை என்றார். பாக்டீரியா தனக்கென்று சொந்த மிஷின் வைத்திருக்கிற ஆள், அந்த மிஷினைப் போய் உடைக்கலாம். இதனிடம் உடைக்க என்ன இருக்கிறது? மிஷின் நம்முடையது. அதனால் இதற்கு என்று இருக்கிற மாத்திரை வேறு மாதிரி. அச்சுக் கோக்கும்போது நடுவில் ஒரு கள்ள எழுத்தைக் கோத்துவிடும், அதற்கு மேல் எழுத்து ஓடாமல் அச்சு நின்றுபோகும். ஆனால் நரம்பு வேரில் படுத்திருப்பதை அதுவும் எழுப்பி விரட்டாது.

எவ்வளவு பெரிசு இருக்கும் என்று கேட்டேன். நாங்கள் புழங்குகிற அலுமினியப் பவுடர் கைரேகைக்குள் போய் உட்கார்ந்தால் சோப்புப் போட்டாலும் லேசில் வராது. அதைவிடப் பொடிசு உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தவன் நான். அதில் ஒரு துகள் மேல் இவை ஆயிரக்கணக்கில் உட்காரலாம் என்றார். சாதாரண மைக்ராஸ்கோப்பில் வைத்தால்கூடத் தெரியாதாம். யாத்தே! அந்த அளவில் ஒன்று, அதற்குள் எழுத்து, அந்த எழுத்து என் தாய்க்கும் எனக்கும் தெரியாமல் என் முதுகில் இத்தனை காலம் மூடியே இருந்தது. பயமாக இருந்ததா என்றால் இல்லை. கோயிலில் திரை விலகும்போது நெஞ்சுக்குள் ஒன்று நிற்குமே, அதுதான் அப்போது நின்றது. என் வலியைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்திருந்தேன்.

"வீட்டு மாட்டுக்கு ஒட்டுமாம்மா?"

"ஒட்டாது. ஒவ்வொரு வைரஸுக்கும் நுழையத் தெரிஞ்ச கதவு கொஞ்சம்தான். இதுக்கு மனுஷன் மட்டும்தான் தெரியும்." சொல்லிக்கொண்டே மாத்திரை எழுதினவர் நிமிர்ந்தார். "ஆனா வீட்டுல அம்மை வராதவங்க யாராவது இருக்காங்களா? சின்னப் பிள்ளைங்க, மாசமா இருக்கறவங்க? இந்தக் கொப்புளத் தண்ணியில அது நிறைய இருக்கு. அம்மையே வராத ஆள் மேல பட்டா அவங்களுக்கு அக்கி வராது, அம்மை வரும்."

ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் என் மகள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். வளையல் சத்தம் உள்ளே கேட்டது. அந்த விரலால்தான் துடைத்தாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

என் மனைவி முந்திக்கொண்டாள். "அவளுக்கு அம்மை போட்டிருச்சும்மா. ரெண்டாப்பு படிக்கையில. நானே வேப்பங்கொளுந்து அரைச்சுப் பூசுனேன், நல்லா ஞாபகம் இருக்கு."

ஐயோ சாமி, பிழைத்தோம் என்று மூச்சு விட்டேன். டாக்டரம்மா விடவில்லை.

"எப்படி இருந்துச்சு? உங்க வீட்டுக்காரருக்கு இருக்கிற மாதிரி தண்ணி கோத்த முத்தா, இல்ல பொடிப் பொடியா செவப்பா?"

என் மனைவியின் முகம் மாறியது. "பொடிப் பொடியா... மணல அள்ளி எறிஞ்ச மாதிரி. மணல்வாரின்னுதான் சொன்னாக."

"அது வேற வைரஸ்ம்மா. அது வந்துபோனா இதுக்குக் காவல் ஆகாது."

மணல்வாரி அம்மை, முத்து அம்மை, விளையாட்டு அம்மை என்று எத்தனையோ சொல்வோம். முன்னால் என்ன பெயர் ஒட்டினாலும் பின்னால் வருகிறவள் அம்மை. எல்லாவற்றுக்கும் அதே வேப்பிலை, அதே தண்ணீர், அதே கும்பிடு. அங்கே வேறு வேறு ஆட்களை ஒரே பெயரில் கும்பிட்டிருக்கிறோம். இங்கே ஒரே ஆளுக்கு அம்மை, அக்கி என்று இரண்டு பெயர் வைத்து, ஒன்றுக்குக் கதவைச் சாத்திவிட்டு, இன்னொன்றுக்குக் கட்டிலில் இடம் போட்டுக் கொடுத்திருக்கிறோம். வாசலில் வேப்பங்கொத்து கட்டி மகளைத் தெருவிலேயே நிறுத்தியிருக்க வேண்டிய வீட்டில், அவளை விசிறியோடு உட்கார வைத்திருந்தேன்.

மகளை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். அவள் பயப்பட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை. வயிற்றை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இந்த மாசத்தில் அம்மை வந்தால் தாயின் நெஞ்சில் சளி கட்டி மோசமாகலாம், பேறுகாலத்தை ஒட்டி வந்தால் பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்ப்போம், உடம்பில் காவல் இல்லை என்றால் மதுரைக்கு அனுப்பி ஊசி போட ஏற்பாடு செய்கிறேன், நாளைக் கடத்தக் கூடாது என்றார். என் மகள் கையை நீட்டினாள். ரத்தம் எடுக்க வளையலை மேலே ஏற்றினார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு பருத்தி போட்டு வைக்கிற ரூமுக்குப் போய்விட்டேன். கொப்புளத்தைத் துணியால் மூடிக் கட்டினேன். என் தட்டு, என் தம்ளர், என் துண்டு எல்லாம் தனி. கம்பெனியில் செல்போனோடு ஒருத்தன் கேட்டைத் தாண்டினால் எப்படிக் கத்துவேனோ, மகள் அந்த ரூம் வாசலில் தலை காட்டியதும் அதற்கு மேல் கத்தினேன்.

"இங்கன வராதேன்னு சொன்னேன்ல! ஒரு தரம் சொன்னாப் புரியாதா?"

"அதான் கட்டியிருக்கீகளேப்பா. மூடிட்டா இம்புட்டுப் பயமில்லன்னு டாக்டரே சொன்னாகல்ல? சாப்பிட்டீகளா, அத மட்டும் கேக்க வந்தேன்."

"சாப்பிட்டேன், போ!"

அவள் போன பிறகு அழுதேன். சொல்வதற்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு சிறு பொறி கிளம்பாமல் பார்த்துக்கொள்வதே என் உத்தியோகம். ரூமுக்கு இத்தனை பேர்தான், செருப்புப் போடாதே, இரும்பு வைக்காதே, தேய்க்காதே, இழுக்காதே என்று ஆயுசு பூராவும் அடுத்தவனை அதட்டியவன், என் மகளுக்கு ஆபத்தை என் தோலிலேயே வைத்துக்கொண்டு, துடைம்மா என்று காட்டியிருக்கிறேன்.

அந்த ரூமில் படுத்துக்கொண்டு அதனோடு பேசவும் பேசினேன். கிறுக்குப் பிடித்தது என்று நினைத்தாலும் சரி. என்னை என்ன வேண்டுமானாலும் செய், அவளை விட்டுவிடு என்றேன். பேசும்போதே தெரிந்தது, அதற்குக் காது இல்லை. எங்கள் மேல் அதற்குப் பகையும் இல்லை, பாசமும் இல்லை. சாமி என்றால் கேட்கும், நாய் என்றால் அதட்டினால் போகும், திருடன் என்றால் காலில் விழலாம். இது எதுவும் இல்லை. வெறும் எழுத்து. அதற்கு வேண்டியது படிக்கிறதற்கு ஒரு உடம்பு. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது, மண்ணிலும் தண்ணீரிலும் காற்றிலும் எண்ண முடியாத வகைகளில் இருக்கிறது என்று நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது. வெறுக்கலாம் என்று பார்த்தேன், அந்த மலைப்பு வெறுக்க விடவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது என்று போன் வந்ததும் மூவரும் போனோம். என் கொப்புளங்கள் அதற்குள் பொருக்குத் தட்டத் தொடங்கியிருந்தன. இருந்தும் நான் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன். டாக்டரம்மாதான் கூப்பிட்டார்.

"உள்ள வாங்க. உங்க பொண்ணு உடம்புல காவல் இருக்கு. ஒண்ணும் பயமில்ல."

என் மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மட்டும் சந்தேகம் போகவில்லை. "மணல்வாரிதான வந்துச்சு அவளுக்கு? இது எப்படி?"

"எப்பவோ இதுவும் வந்திருக்கு. சின்ன வயசுல லேசா ரெண்டு முத்து வந்து, வேர்க்குருன்னு நினைச்சு விட்டிருப்பீங்க. சில பேருக்கு அப்படித்தான் வந்த தடம் தெரியாமப் போகும். ஆனா உடம்பு மறக்கல. அன்னைக்குப் பாத்த ஆளை இன்னும் ஞாபகம் வச்சிருக்கு. அந்தக் காவல்ல கொஞ்சம் தொப்புள்கொடி வழியா பிள்ளைக்கும் போகும். பொறந்து கொஞ்ச மாசத்துக்கு அதுதான் பிள்ளைக்கும் துணை."

என் மனைவி எழுந்து டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வெளி உலகத்தை இன்னும் பார்க்காத பிள்ளைக்கு, தாய் எப்போதோ பட்ட ஒரு காய்ச்சலின் ஞாபகம் போய்ச் சேர்கிறது. இதை யார் எண்ணிச் செய்தார்கள்?

எனக்குத் தோன்றாத ஒன்றை என் மகள்தான் கேட்டாள்.

"அப்ப அது எனக்குள்ளயும் படுத்திருக்கா டாக்டர்?"

"இருக்கும்மா. எழுந்திரிக்காமலே போகலாம். நிறையப் பேருக்கு எழுந்திரிக்கிறதே இல்ல. வந்தாலும் பெரும்பாலும் அப்பா மாதிரி வயசான காலத்துலதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் பக்கத்தில். வெளியே மக்காச்சோளக் காடு காய்ந்து நின்றது. சாத்தூர் தாண்டினதும் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வலது தோள்தான், அதைப் பார்த்துத்தான் சாய்ந்திருப்பாள். அவள் முதுகு என் கைக்குள் இருந்தது. அந்தத் தண்டின் ஓரத்தில் எங்கோ ஒரு வேரில் அதுவும் படுத்திருக்கிறது. என் வயசுக்கு அவள் வர இன்னும் எத்தனை வருசம் இருக்கிறது! அதற்குப் பசி இல்லை, மூப்பு இல்லை, அவசரம் இல்லை. காத்திருக்கும். அத்தனை காலம் அவளோடு கூடவே இருக்கப் போவது அதுதான்.

"எனக்கு வரும்போது நீங்க பக்கத்துல இருங்கப்பா" என்றாள், கண்ணைத் திறக்காமல், விளையாட்டாக.

"இருக்காம, நான் எங்க போகப் போறேன் தாயி" என்றேன்.